புரொஃபைலைப் பூட்டியாச்சு, போன் நம்பர்?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால், டெல்டாவின் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரே மாதிரியான படம் வரத் தொடங்கும். சாக்கின் மேலோ பாயின் மேலோ நாலு தாளைப் பரப்பி எடுத்த படம். சிட்டா, விஏஓ கையெழுத்து போட்ட அடங்கல், பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதார். கீழே ஒரு வரி: "சார், எனக்கும் பதிஞ்சு விட்டுருங்க." நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைனில் பதிந்து தருபவருக்குத் தனியாகப் போகவேண்டிய படம், அவசரத்தில் ஊர்க் குரூப்பில் விழுந்துவிடும். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரில் எத்தனை பேரை நமக்கு முகம் தெரியும்?

படம் போட்டவரின் ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போனால் அங்கே பூட்டுச் சின்னம் தொங்கும். பையனோ மருமகளோ லாக் போட்டுக் கொடுத்திருப்பார்கள். "நம்ம அக்கவுண்டு சேஃப்" என்ற நிம்மதி அதிலிருந்து வருவது.

கணக்கில் இருக்கும் தகவல் மூன்று பக்கம் போகிறது. நம் பக்கத்தைப் பார்க்கிற ஆட்களிடம் ஒரு பங்கு. கணக்கை நடத்தும் நிறுவனத்திடம் ஒரு பங்கு. கணக்கையே பிடுங்கப் பார்க்கிறவனிடம் ஒரு பங்கு. இந்த மூன்றுக்கும் செட்டிங்ஸ் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. லாக் என்பது முதல் பக்கத்துக்கு மட்டுமான மதகு, அதுவும் முழுசாக அடைக்காது. மூன்று பக்கத்துக்கும் பொதுவாக ஓடுவது போன் நம்பர். கணக்கு தொடங்குவதும் அதில்தான், தொலைத்த கணக்கை மீட்பதும் அதில்தான், கடைக்காரர் நம்மை ஃபேஸ்புக்கில் தேடிப் பிடிப்பதும் அதே நம்பரில்தான்.

லாக் எதை அடைக்கும், எதை விடும்

ஃபேஸ்புக் இந்த வசதியை 2020 மே மாதம் இந்தியாவில் கொண்டுவந்தது. லாக் போட்டதும் பழைய பப்ளிக் பதிவுகள் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறும். புரொஃபைல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. யாராவது டேக் செய்தால் உங்கள் டைம்லைனில் ஏறும் முன் உங்களிடம் கேட்கும். நல்ல வசதிதான். ஆனால் பெயரும் சின்ன அளவு படமும் எல்லோருக்கும் தெரியும். பப்ளிக் பேஜில் நீங்கள் போட்ட கமெண்ட் அங்கே அப்படியே கிடக்கும். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போன படத்தை மச்சான் பப்ளிக்காகப் போட்டு உங்களை டேக் செய்தால், அது உங்கள் டைம்லைனில் வராது, அவ்வளவுதான். மச்சான் பக்கத்தில் அதை உலகமே பார்க்கும். அந்தப் படத்துக்கு மதகு மச்சான் கையில் இருக்கிறது, போன் போட்டு "மச்சான், அதை ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் மாத்து" என்று சொல்வதைத் தவிர வழியில்லை.

இன்னொரு ஓட்டை, நண்பர் பட்டியல். 1,800 நண்பர்கள் வைத்திருப்பவருக்கு 'நண்பர்களுக்கு மட்டும்' என்பது ஒரு கிராமத்தையே கூட்டிவைத்துப் பேசுவது போலத்தான். போலிக் கணக்கு ஆரம்பிப்பவன் முதலில் ஏதோ ஒரு பெயரில் நண்பராக உள்ளே வருவான். அவனுக்குத் தேவை மூன்று: பெயர், படம், நண்பர் பட்டியல். முதல் இரண்டும் ஏற்கெனவே வெளியே இருக்கின்றன. பட்டியல் கிடைத்ததும் அதே பெயரில் புதுக் கணக்கு திறந்து, பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் ரிக்வெஸ்ட் அனுப்பி, "அவசரம், ஒரு 10,000 ஜிபே பண்ணு, சாயங்காலம் தர்றேன்" என்பான். மத்தியப் படையில் இருக்கும் நண்பருக்கு இடமாற்றம், வீட்டுச் சாமானை மலிவாகத் தருகிறார் என்று ஒரு கதையும் உண்டு. பணம் போவது உங்களிடமிருந்து அல்ல, உங்களை நம்பிய சித்தப்பாவிடமிருந்து.

ஆகவே லாக் போடுவதைவிட முதலில் செய்யவேண்டியது இது. செட்டிங்ஸில் 'மற்றவர்கள் உங்களை எப்படிக் கண்டுபிடிக்கலாம், தொடர்புகொள்ளலாம்' என்ற பகுதியைத் திறங்கள். அங்கே நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'நான் மட்டும்' வையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, போன் நம்பரைக் கொண்டு யார் உங்களைத் தேடலாம் என்று கேட்கும். அங்கேயும் 'நான் மட்டும்'. மின்னஞ்சலுக்கும் அப்படியே. புரொஃபைலில் நம்பரை மறைத்துவிட்டேன் என்று சொல்பவர்கள் பலர் இந்த இரண்டாவது இடத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். நம்பர் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வேறு, நம்பரைப் போட்டுத் தேடினால் ஆள் கிடைப்பது வேறு. 2021-இல் உலகம் முழுக்க 53.3 கோடி ஃபேஸ்புக் கணக்குகளின் போன் நம்பர்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. யாரும் சர்வரை உடைக்கவில்லை. காண்டாக்ட் பட்டியலை ஏற்றி நண்பர்களைத் தேடும் வசதியில் நம்பர்களை மொத்தமாகப் போட்டு, எந்த நம்பருக்கு எந்தப் பெயர் வருகிறது என்று வாரி எடுத்திருந்தார்கள். 2019-இல் வாரியது, இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தது.

பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்ற, லாக் போடாமலும் ஒரு வழி இருக்கிறது: 'பழைய பதிவுகளைக் கட்டுப்படுத்து'. ஒரு தடவை அழுத்தினால் போதும், ஆனால் மொத்தமாகத் திரும்ப மாற்ற முடியாது. கடைக்கான விளம்பரத்தையும் அதே கணக்கில் பப்ளிக்காகப் போட்டு வந்தவர்கள், அழுத்தும் முன் அந்தப் பதிவுகளை ஒரு பேஜுக்கு நகர்த்திக்கொள்வது நல்லது.

போலிக் கணக்கு வந்துவிட்டால் உங்கள் உண்மைக் கணக்கை அழிக்கவேண்டாம். போலிப் பக்கத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு, 'என்னைப் போல நடிக்கிறார்' என்று புகார் செய்யுங்கள். அதற்கும் முன்னால் அந்தப் பக்கத்தின் லிங்கை நகலெடுத்து வையுங்கள். வெறும் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் இருந்தால் ஒரே பெயரில் இருக்கும் பத்துக் கணக்கில் எது என்று போலீஸால் சொல்ல முடியாது.

தாள்கள் போகும் வழி

அந்த நாலு தாளுக்கு வருவோம். பாஸ்புக்கில் இருக்கும் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் ஒருவனுக்குக் கிடைத்தால் அதை வைத்து அவன் பணம் போடத்தான் முடியும், எடுக்க முடியாது. பயம் அங்கே இல்லை. சிட்டாவில் பட்டா எண், அப்பா பெயர், சர்வே எண், எத்தனை ஹெக்டேர் என்பதெல்லாம் இருக்கிறது. நாளைக்கு ஒருவன் போன் செய்து, அப்பா பெயரைச் சொல்லி, சர்வே எண்ணை உட்பிரிவோடு சொல்லி, "உங்க நெல்லுப் பணம் நிக்குதுங்க, வங்கி பேரு மாறியிருக்கு, ஒரு லிங்க் அனுப்புறேன்" என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அடங்கலில் இருப்பதையெல்லாம் தெரிந்தவன் ஆபீஸ் ஆள் என்றுதானே தோன்றும். திருட்டுக்குத் தேவைப்படுவது அந்த நம்பிக்கைதான்.

ஆதாரில் விஷயம் இன்னும் கொஞ்சம் மோசம். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் சிறு வங்கி மையத்தில் பணம் எடுக்கலாம். ரேகையைப் பத்திரத்திலிருந்து எடுத்து ரப்பரில் அச்சு செய்து எடுத்த வழக்குகள் நாட்டில் பல மாநிலங்களில் வந்திருக்கின்றன. இதற்கு மருந்து பயோமெட்ரிக் லாக். எம்ஆதார் செயலியிலோ மைஆதார் தளத்திலோ ஓடிபி போட்டு ரேகையையும் கண் ரேகையையும் பூட்டலாம். பூட்டினால் ரேஷன் கடையில் ரேகை விழாது. சர்க்கரை வாங்கப் போகும் அன்றைக்குச் செயலியில் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போகவேண்டும். இதைச் சொல்லாமல் பாட்டிக்கு லாக் போட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறும் பேரன்கள் நிறைய.

அரசுத் தளத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் கோப்புக்கு பாஸ்வேர்டு உண்டு, ஆகவே குரூப்பில் போட்டாலும் திறக்க முடியாது என்று ஒரு எண்ணம். அந்த பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதன் பின்னால் பிறந்த ஆண்டு. சுரேஷ் 1990-இல் பிறந்தவர் என்றால் எஸ், யூ, ஆர், இ, 1990. பெயர் கோப்பை அனுப்பியவரின் புரொஃபைலிலேயே இருக்கிறது. ஆண்டை, போன மாதம் நண்பர்கள் வைத்த '35-ஆவது பிறந்தநாள்' ஃப்ளெக்ஸ் படம் சொல்லிவிடும். ஃபேஸ்புக்கில் பிறந்தநாள் வாழ்த்து வேண்டும் என்றால் நாளும் மாதமும் இருக்கட்டும், ஆண்டை மட்டும் 'நான் மட்டும்' என்று வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனிச் செட்டிங் இருக்கிறது.

மாஸ்க்டு ஆதார் என்று ஒன்று அதே தளத்தில் கிடைக்கும். இறக்கும்போது ஒரு டிக் போட்டால் 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். லாட்ஜில் அறை எடுக்க, பார்சல் வாங்க இது போதும். முழு எண்தான் வேண்டும் என்று சொல்லும் இடத்தில் நேரில் காட்டுங்கள், அனுப்பாதீர்கள்.

ஜெராக்ஸ் கடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கும்பகோணமோ மன்னார்குடியோ, கடையில் ஒரு அட்டையில் வாட்ஸ்அப் நம்பர் ஒட்டியிருக்கும். அனுப்புவோம், அவர் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பில் திறந்து பிரிண்ட் போடுவார், ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு வருவோம். வெளியே வந்து 'எல்லோருக்கும் அழி' என்று அழுத்தினால் மெசேஜ் போகும். அழிக்கும் வசதி அனுப்பியதிலிருந்து சுமார் இரண்டரை நாள் வரை இருக்கும். ஆனால் கோப்பு அவர் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கியது இறங்கியதுதான். மறையும் மெசேஜ் வைத்து 24 மணி நேரம் என்று போட்டாலும் இறங்கிய கோப்பை அது தொடாது. பக்கத்தில் நின்று, "அண்ணே, டவுன்லோட்ஸ்லயும் ரீசைக்கிள் பின்லயும் எடுத்துருங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டு வருவதுதான் வழி. கடைக்காரர் கோபிக்க மாட்டார், அவருக்கும் அது குப்பைதான்.

பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் நாளில் மார்க்கை ஸ்டேட்டஸில் வைக்காத வீடு இல்லை. வைக்கட்டும். ஆனால் அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தே இருக்கும். ரிசல்ட் தளத்தில் உள்ளே போகக் கேட்பது அந்த இரண்டைத்தான். மேலே ஒரு கறுப்புப் பட்டை போட்டு மறைத்துவிட்டு வைத்தால் பெருமையில் ஒரு மார்க்கும் குறையாது. மறைக்கும்போது மார்க்கர் பேனா மாதிரி இருக்கும் மெல்லிய கோட்டைப் பயன்படுத்தவேண்டாம், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் எழுத்து தெரியும். கத்தரித்துவிடுவது மேல்.

ஜாதகம் இதைவிடப் பெரிய விஷயம். சமுதாய வரன் குரூப்புகளில் சுற்றும் ஒரு பக்கத்தாளில் என்னென்ன இருக்கிறது பாருங்கள்: பிறந்த தேதி, நேரம், ஊர், குலதெய்வம், அப்பா வேலை, அம்மா பெயர், உடன்பிறந்தவர்கள், சம்பளம், நிலம், இரண்டு போன் நம்பர், முழு உருவப் படம். பாஸ்வேர்டு மறந்தால் சில தளங்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் இதிலேயே கிடைக்கிறது. கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்த பிறகும் அந்தத் தாள் எங்கோ ஒரு குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு தாளாகப் பிரித்துவிடலாம். முதல் தாளில் ராசி, நட்சத்திரம், பிறந்த நேரம், படிப்பு, ஊர்ப்பக்கம், தரகர் அல்லது மாமாவின் நம்பர். பொருத்தம் பார்த்து முடிந்த பிறகு படமும் சம்பளமும் சொந்த நம்பரும் உள்ள இரண்டாம் தாள், கேட்ட வீட்டுக்கு மட்டும். இரண்டாம் தாளின் குறுக்கே யாருக்கு, எந்த மாதம் கொடுத்தது என்று மங்கலாக எழுதிவைத்தால், அது வெளியே வரும்போது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் உங்கள் கையில் இருப்பவை சில. பிரைவசி பகுதியில் 'என்னை யார் குரூப்பில் சேர்க்கலாம்' என்பதைப் பெரும்பாலோர் 'எல்லோரும்' என்றே விட்டுவைத்திருப்பார்கள். 'என் காண்டாக்ட்கள்' என்று மாற்றுங்கள். டிபி, ஸ்டேட்டஸ், லாஸ்ட் சீன் மூன்றுக்கும் அதே. சங்கத்து அட்மின்களுக்கு ஒரு வார்த்தை: மேட்டூர் நீர்மட்டம், முறைப்பாசனத் தேதி, உரம் வந்த செய்தி மட்டும் சொல்ல குரூப் தேவையில்லை. சேனல் தொடங்கினால் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. குரூப்தான் வேண்டும் என்றால், அழைப்பு லிங்கை ஃபேஸ்புக்கில் பப்ளிக்காகப் போடாதீர்கள். அந்த லிங்கில் ஒரு ஆள் ஏறி இறங்கினாலே அத்தனை நம்பரும் போய்விட்டது. புது ஆள் வருவதற்கு அட்மின் ஒப்புதல் என்ற செட்டிங்கையும் போட்டு வையுங்கள்.

நிறுவனத்துக்குப் போவது

"பட்டுப்புடவையைப் பத்திப் பேசினேன், உடனே புடவை விளம்பரம் வருது, மைக்ல ஒட்டுக்கேக்குறான்" என்று டீக்கடை வரை பேச்சு இருக்கிறது. ஒட்டுக்கேட்க அவசியமே இல்லை. கும்பகோணத்தில் துணிக்கடையில் பில் போடும்போது நம்பர் சொன்னீர்கள். கடை தன் வாடிக்கையாளர் பட்டியலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக்கில் ஏற்றலாம். நம்பர் அப்படியே போகாது. அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்து மாவாக்கி அனுப்பும். ஃபேஸ்புக் தன்னிடமிருக்கும் நம்பர்களையும் அதே கல்லில் அரைத்து, எந்த மாவும் எந்த மாவும் ஒன்று என்று பார்க்கும். பொருந்தினால் உங்களுக்கு விளம்பரம். ஆகவே நீங்கள் ஃபேஸ்புக்கில் எதையும் தேடாமலேயே கடை உங்களைத் தேடி வரும். பில் போட நம்பர் சொல்லியே தீரவேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேணாங்க" என்று சொன்னால் பில் வரத்தான் செய்யும்.

இதை அடைக்கும் இடம் ஃபேஸ்புக் செட்டிங்ஸில் இருக்கும் அக்கவுண்ட்ஸ் சென்டர். உள்ளே 'உங்கள் தகவலும் அனுமதிகளும்', அதற்குள் 'மெட்டாவுக்கு வெளியே உங்கள் செயல்பாடு'. மெட்டா என்பது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் நிறுவனம். திறந்து பார்த்தால் எந்தெந்தச் செயலி, எந்தெந்தக் கடைத்தளம் உங்களைப் பற்றி அனுப்பியிருக்கிறது என்ற பட்டியல் வரும். முதன்முறை பார்ப்பவர்கள் கொஞ்சம் அதிர்ந்துபோவார்கள். பழையதை அழிக்கலாம், இனி வருவதைத் துண்டிக்கலாம். துண்டித்தால் ஃபேஸ்புக் மூலம் லாகின் செய்த மற்றச் செயலிகளிலிருந்து வெளியேறிவிடுவீர்கள், அவற்றுக்கு வேறு லாகின் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது. உங்களைக் குறிவைத்து வருவது மட்டும் குறையும். அதே சென்டரில் காண்டாக்ட் ஏற்றுவதையும் நிறுத்திவிடுங்கள். உங்கள் போனில் இருக்கும் 400 பேரின் நம்பரை அவர்களைக் கேட்காமல் கொடுத்துக்கொண்டிருப்பது நீங்கள்தான்.

'போன ஜென்மத்தில் நீங்கள் எந்த ராஜா' மாதிரியான விளையாட்டுகளுக்கு அனுமதி கொடுத்திருந்தால் 'செயலிகளும் தளங்களும்' என்ற இடத்தில் போய் நீக்குங்கள். ஒரு ஆளுமைத் தேர்வுச் செயலி வழியாக கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குத் தகவல் போன விவகாரம் 2018-இல் வெளிவந்தது. அதில் 8.7 கோடிப் பேரின் தகவல் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அதில் இந்தியக் கணக்கைப் பார்க்கவேண்டும். அந்த ஆளுமைத் தேர்வுச் செயலியை இங்கே நிறுவியவர்கள் 335 பேர்தான். நண்பர்கள் வழியாகப் பாதிப்பு எட்டியிருக்கக் கூடியவர்கள் சுமார் 5.62 லட்சம். தலைமடையில் ஒரு மடையை ஒருவன் திறந்துவிட்டால் கடைமடை வரை யார் வயலுக்கு எவ்வளவு போகிறது என்று அவனுக்கே தெரியாது.

வாட்ஸ்அப் மெசேஜை நிறுவனம் படிக்க முடியாது, 2016 முதல் முழுதும் மறையாக்கம்தான் (என்க்ரிப்ஷன்). ஆனால் யாரோடு, எப்போது, எந்தக் குரூப்பில் என்பது தெரியும். 2021-இல் கொண்டுவந்த பிரைவசி கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது, வாட்ஸ்அப் தகவலை மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு பகிர்வதைப் பற்றித்தான். இன்னொன்று, கூகுள் டிரைவில் போகும் பேக்கப்புக்கு மறையாக்கத்தை நீங்கள்தான் தனியாகப் போடவேண்டும். பாஸ்வேர்டை மறந்தால் பேக்கப் போனது போனதுதான், ஆகவே டைரியில் எழுதி பீரோவில் வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் தாளில் எழுதிவைப்பது தப்பே இல்லை.

கணக்கையே வேண்டாம் என்று முடிவு செய்தால், 'டீஆக்டிவேட்' என்பது கதவைச் சாத்துவது மட்டும். 'டெலீட்' கொடுத்தால் 30 நாள் வரை மனசு மாற அவகாசம் உண்டு. இடையில் ஒருமுறை லாகின் செய்து ரத்து என்று தொட்டுவிட்டால் எல்லாம் பழையபடி. அதன் பிறகு சர்வர்களிலிருந்து துடைக்க 90 நாள் வரை ஆகும். மற்றவர்களுக்கு நீங்கள் அனுப்பிய மெசேஜ் அவர்கள் பெட்டியில் இருக்கும். டெலீட் கொடுக்கும் முன் உங்கள் தகவலின் நகலை இறக்கிக்கொள்ளுங்கள். தயாரான கோப்பின் லிங்க் சில நாட்களுக்கு மட்டுமே வேலை செய்யும்.

பிடுங்க வருகிறவன்

இங்கே செய்யவேண்டியது குறைவு, செய்யாதவர்கள் அதிகம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் டூ ஃபேக்டர் போடுங்கள், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் பூட்டு. அந்தக் கோடு எஸ்எம்எஸ்ஸில் வருவதைவிட, போனிலேயே கோடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி நல்லது. டூ ஃபேக்டர் போடும்போது தரும் மீட்புக் கோடுகளைத் தாளில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் 6 இலக்க பின் போடுங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியை மாதம் ஒருமுறை திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். பிரவுசிங் சென்டரில் திறந்துவைத்துவிட்டு வந்தது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

புது ஆபத்து ஏபிகே. 'பி.எம். கிசான் லிஸ்ட்' என்றோ 'திருமண அழைப்பிதழ்' என்றோ பெயர் வைத்த கோப்பு தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே விழுந்திருக்கும். அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது செயலி. நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி எல்லாம் அவனுக்கு. நிறுவிவிட்டால் முதலில் ஏரோப்ளேன் மோடு. பிறகு வேறு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழைப்பு, பாஸ்வேர்டு மாற்றம். அதன் பின்தான் செயலியை நீக்குவது. பணம் போயிருந்தால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

வாட்ஸ்அப் கணக்கு பறிபோனால் பதறவேண்டாம். உங்கள் போனில் அதே நம்பரைப் போட்டுப் பதிந்து எஸ்எம்எஸ்ஸில் வரும் கோடைப் போட்டால் அவன் வெளியே விழுவான். அவன் பின் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க நேரும், ஆனால் அந்த 7 நாளும் அவனும் உள்ளே இருக்க முடியாது. அந்த வாரம் உறவினர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவது உத்தமம்.

சட்டம் எங்கே நிற்கிறது

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் வழியே வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதுதான் எல்லோரும் பேசியது. பேசாமல் விட்ட ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சட்டத்திலேயே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருப்பது சமூக ஊடகத்தில் ஒருவர் தானே வெளியிட்டதைத்தான். ஆகவே 'பப்ளிக்' என்ற பொத்தானுக்கும் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற பொத்தானுக்கும் இடையே இருப்பது எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற வித்தியாசம் மட்டும் இல்லை. பப்ளிக்காக வைத்த நம்பரை ஒருவன் எடுத்துப் பட்டியல் போட்டால், இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது கடினம். சொந்த, குடும்பக் காரியங்களுக்காகத் தனிநபர் வைத்திருக்கும் தகவலுக்கும் சட்டம் பொருந்தாது, அதனால் ஊர்க் குரூப்பில் படத்தைப் போட்டுவிட்ட பங்காளி மேல் இதில் வழக்குப் போட முடியாது.

ஆள் மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் இருக்கின்றன, மூன்று ஆண்டு வரை சிறை. அந்தரங்கப் படம் என்றால், நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று 2021 விதிகள் கெடு வைத்தன. படம் இன்னும் வெளியே வரவில்லை, வரும் என்று மிரட்டுகிறான் என்றால் ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் உதவும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் போகும், அதே படத்தை யாராவது ஏற்ற முயன்றால் பங்குபெறும் தளங்கள் தடுக்கும். பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பெயரை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், மிரட்டல் வந்த பிறகு யாரும் வாய் திறந்து கேட்பதில்லை.

விட்டுப்போன நம்பர்

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். போகும்போது உள்ளூர் சிம்மை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போவார்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், 20 ரூபாய் இருப்பும் இல்லாமல் கிடந்தால் ப்ரீபெய்டு இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்த நம்பர் இன்னும் 90 நாள் சும்மா இருக்கும், அதன் பிறகு வேறு ஒருவருக்குப் போகும். அவர் திருடர் இல்லை, திருவாரூரில் புது சிம் வாங்கிய ஒரு காலேஜ் பையன். தன் நம்பரைப் போட்டு ஃபேஸ்புக் திறக்கப் பார்ப்பான், 'இது உங்கள் கணக்கா?' என்று மஸ்கட்டில் இருப்பவரின் படத்தைக் காட்டும். 'ஆம்' என்று தொட்டால் ஓடிபி அவனுக்கே வரும்.

கிளம்பும் முன் செய்யவேண்டியது அரை மணி நேர வேலை. வாட்ஸ்அப்பில் 'நம்பரை மாற்று' என்பதைப் பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே செய்யவேண்டும், இல்லாவிட்டால் குரூப்புகள் எல்லாம் பழைய நம்பரோடு நின்றுவிடும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் புது நம்பரைச் சேர்த்த பிறகு பழையதை நீக்குங்கள், சேர்ப்பதோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தப்பு. மின்னஞ்சலின் மீட்பு நம்பர், வங்கி, ஆதார் இந்த மூன்றுக்கும் எந்த நம்பர் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். ஆதாரில் பதிந்த போன் நம்பரை மாற்றுவதென்றால் டிக்கெட் தேதிக்கு முன்பே அது முடியட்டும். சிம்மை விட மனசில்லை என்றால் வீட்டில் ஒரு பழைய பட்டன் போனில் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்து, ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த போனுக்கு ஓடிபி வந்தால் யாருக்கும் படித்துச் சொல்லக்கூடாது என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் குரலில் யாராவது கேட்டாலும்கூட, முதலில் கட் செய்துவிட்டு உங்கள் புது நம்பருக்கு அவரே திரும்பக் கூப்பிடட்டும்.